உள்ளூர்ச் சரக்கென்று எதைச் சொல்வது? திருகோணமலைக் கட்டடப் பொருட்கள்: விலையும் தரமும்

திருகோணமலையில் வீடு கட்டத் தொடங்கும் எவரும் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது: சீமெந்து ஆலை சீனன்குடாவில் இருக்கிறது, பிறகு ஏன் டொலர் ஏறினால் சீமெந்தும் ஏறுகிறது? இதற்கு விடை தெரிந்தால் மற்றப் பொருட்களின் விலையும் பாதி விளங்கிவிடும். நகரத்து ஹாட்வெயார் கடைகளில் தொடங்கி கிண்ணியா, மூதூர், குச்சவெளி வரை வாங்கக்கூடிய முக்கிய பொருட்களை இங்கே ஒவ்வொன்றாக எடுத்து, போர் முடிந்த 2009இலிருந்து அவற்றின் விலை போன வழியையும், இன்று காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியதையும் சொல்கிறோம்.

சீமெந்திலிருந்து தொடங்கலாம். சீனன்குடாவில் இருப்பது அரைக்கும் ஆலை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் கிளிங்கர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதை ஜிப்சத்துடன் சேர்த்து இங்கே அரைத்துப் பையில் அடைக்கிறார்கள். கலப்புச் சீமெந்தென்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பலும் சேரும். எங்கள் துறைமுகத்தில் இறங்கி எங்கள் ஊரில் அரைபட்டாலும், செலவின் பெரும்பகுதி டொலரில்தான் போகிறது. சொந்தச் சுண்ணாம்புக் கல்லில் கிளிங்கர் சுடும் ஆலை புத்தளத்தில் இருக்கிறது. காங்கேசன்துறை ஆலையிலும் அப்படித்தான் சுட்டார்கள். அது 1990இல் போரோடு நின்றது. அது ஓடியிருந்தால் வடக்கு கிழக்கின் மீள்கட்டுமானக் கணக்கே வேறு.

போர் முடிந்த கையோடு 50 கிலோப் பை ஏறத்தாழ 700 ரூபாய்க்கு விற்றது. 2021இன் தொடக்கத்தில் 1,000 ரூபாய் அளவில் நின்றது. 2022இன் நடுவில் 3,000 ரூபாய் வரை போனது. அந்த ஒன்றரை ஆண்டில் டொலர் 200 அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்குத்தான் ஏறியது, அதாவது இரண்டு மடங்குகூட இல்லை. சீமெந்தோ மூன்று மடங்கு. மிச்சத்தைக் கப்பல் கூலி, நிலக்கரி, டீசல், வரி என்று நான்கும் பங்கு போட்டன. வற் வரி மட்டும் 2022 மே வரை 8 வீதம், யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. பின்னர் டொலர் 300 அளவுக்கு இறங்கியதும் சீமெந்தும் இறங்கியது, ஆனால் பழைய ஆயிரத்துக்குத் திரும்பவில்லை. வரி அப்படியே இருக்கும்போது அது திரும்பும் என்று வேலையைத் தள்ளிப்போடுவது வீண்.

கலப்புச் சீமெந்தா, சாதாரண போட்லண்ட் சீமெந்தா என்று கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. பையில் இலங்கைத் தர எண் அச்சடிக்கப்பட்டிருக்கும்: சாதாரணம் என்றால் எஸ்.எல்.எஸ். 107, கலப்பு என்றால் 1247, கட்டுக்கும் பூச்சுக்கும் மட்டுமான மேசன் சீமெந்து என்றால் 515. அந்த 515ஐத் தூணுக்கோ வளைக்கோ (உத்தரத்துக்கோ) போடக்கூடாது. விலை குறைவென்று போட்டுவிட்டு, கதவு யன்னலுக்கு மேல் வரும் லின்டல் வெடித்ததும் கம்பியைக் குறை சொல்வது இங்கே நடக்கிற விஷயம். கடற்கரை ஊரான எங்களுக்குக் கலப்புச் சீமெந்து உண்மையில் நல்ல தேர்வு. அது இறுகியபின் உப்பு உள்ளே போவதைச் சாதாரணச் சீமெந்தைவிட நன்றாகத் தடுக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் பலம் எடுக்கும். சாதாரணத்துக்கு 7 நாள் தண்ணீர் காட்டினால் கலப்புக்கு 10 முதல் 14 நாள் காட்ட வேண்டும். கொங்கிறீற் தட்டைத் தாங்கும் முட்டுக்களை 14 நாளில் கழற்றும் பழக்கத்தை 21 நாளாக்க வேண்டும். அந்த ஒரு வாரம் பொறுக்க முடியாத வேலைக்குக் கலப்பு வேண்டாம்.

பையில் உற்பத்தித் திகதியையும் பாருங்கள். மூன்று மாதம் கிடந்த சீமெந்து தன் பலத்தில் ஐந்திலொன்றை இழந்திருக்கும், ஆறு மாதம் என்றால் அதைவிட மோசம். ஐப்பசி முதல் தை வரை இந்தக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் விரைவாகக் கெடும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக, மாவுபோல வழுக வேண்டும். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் வாங்க வேண்டாம். வாங்கியதைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை போட்டு, சுவரைவிட்டு ஓரடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். விலை ஏறப்போகிறது என்று பயந்து வீடு முழுவதற்கும் ஒரேயடியாக வாங்கி அடுக்கியவர்கள் 2022இல் பலர். அதில் மிஞ்சிய லாபத்தைக் கட்டிபட்ட பைகள் தின்றுவிட்டன. மூன்று வாரத் தேவைக்கு மேல் கையிருப்பு வைக்காதீர்கள்.

கணக்குக்கு ஒரு அளவு: சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி (உடைத்த கல்) நான்கு என்ற 1:2:4 கலவையில் ஒரு கியூப், அதாவது 100 கன அடி கொங்கிறீற்றுக்கு ஏறத்தாழ 18 பை சீமெந்து போகும். மேசன் 13 பையில் முடித்தேன் என்று சொன்னால் மகிழ வேண்டாம், கலவை எப்படிப் போட்டார் என்று கேளுங்கள்.

கம்பியும் சீமெந்தைப் போலத்தான். இலங்கையில் உருட்டப்படுகிறது, ஆனால் உருட்டுவதற்கான இரும்புக் கட்டி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஆகவே டொலர் ஏறும் அன்றே கம்பியும் ஏறும். இறங்கும்போது அப்படியல்ல, பழைய விலைக்கு எடுத்த இருப்பு தீரும்வரை கடை இறக்காது. இதை அநியாயம் என்று சொல்ல மாட்டோம், வியாபாரி கடனுக்கு எடுத்த சரக்கு அது. ஆனால் இறங்குமுகத்தில் நான்கு கடை கேட்டால் இருப்பு குறைந்த கடையில் புது விலை கிடைக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பியில் ஏமாற்றம் நடப்பது தடிப்பில். 12 மில்லிமீற்றர் என்று விற்பது உண்மையில் 11.2 ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரும்பின் அளவோ 13 வீதம் குறைந்துவிடும். தராசுதான் இதற்கு மருந்து. ஆறு மீற்றர்க் கம்பி ஒன்று 10 மில்லிமீற்றர் என்றால் 3.70 கிலோ, 12 என்றால் 5.33, 16 என்றால் 9.47 கிலோ இருக்க வேண்டும். ஒரு தொன்னுக்கு 10 மில்லிமீற்றர் 270 கம்பி, 12 மில்லிமீற்றர் 187 அல்லது 188 கம்பி வரும். தொன் கணக்கில் வாங்கும்போது இதைவிட மிகுதியாகக் கம்பி வந்தால் கடைக்காரர் தாராளமானவர் என்று எண்ணாதீர்கள், கம்பி மெலிந்திருக்கிறது. பத்துக் கம்பியை ஒன்றாக நிறுத்துப் பார்க்கச் சம்மதிக்கும் கடையில் வாங்குங்கள். நகரத்தில் பெரிய கடைகளில் தராசு இருக்கிறது, கேட்டால் நிறுப்பார்கள். கம்பிக் கணக்கில் மட்டும் விற்கும் சிறிய கடையில் ஒரு கம்பிக்கு விலை குறைவாகத் தெரிந்தாலும் கிலோ விலைக்கு மாற்றிப் பாருங்கள். பல வேளை அதுதான் கூடுதலாக இருக்கும்.

மணல்தான் இந்த மாவட்டத்தின் உண்மையான சொந்தச் சரக்கு. மகாவலி கடலில் விழும் இடம் எங்களுடையது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து ஆற்று மணல் கொங்கிறீற்றுக்கு மிக நல்லது. அப்படியிருந்தும் போருக்குப் பின் விலை ஏற்றத்தில் மக்களை அதிகம் வாட்டியது மணல்தான், ஏனென்றால் இதன் விலை டொலரைப் பார்ப்பதில்லை. அனுமதிப்பத்திரம், டீசல், மழை, வாங்குவோரின் தேவை என்ற நான்கையும் பார்க்கிறது. 2004 சுனாமி வீடுகளின் வேலை முடியுமுன்பே மீள்குடியேற்ற வீடுகள் வந்தன. அதே காலத்தில் பாலங்களும் வீதிகளும் எழுந்தன. எல்லாமே ஒரே ஆற்றைத் தோண்டின. கரை இடிந்தது, அனுமதி இறுகியது, அனுமதியில்லாத லோட் இரவில் ஓடியது, அந்த ஆபத்துக்கும் சேர்த்து வாங்குபவர் காசு கொடுத்தார்.

டீசலின் பங்கைக் கணக்காகவே காட்டலாம். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு 40 கிலோமீற்றர், போய்வர 80. மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடினால் 23 லீற்றர் வேண்டும். 2021 டிசம்பர் கடைசியில் ஓட்டோ டீசல் 121 ரூபாய், 2022 யூன் கடைசியில் 460 ரூபாய். ஒரு நடைக்கு எண்ணெய்ச் செலவு 2,800இலிருந்து 10,500க்குப் போனது. கியூப் ஒன்றுக்கு 2,600 ரூபாய் வழியிலேயே ஏறியது. மணலிலும் சல்லியிலும் எந்த மாற்றமும் இல்லாமலே வந்த ஏற்றம் இது. அதனால்தான் அவற்றைத் தூரத்து மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கக்கூடாது. கல்லுடைப்பு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ஒரு லோட்’ என்பது அளவு அல்ல. டிப்பர்ப் பெட்டியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் கியூப் வரும். 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 2.6 கியூப்தான், மூன்றல்ல. 8 அடிக்கு 5 அடி உழவு இயந்திரப் பெட்டியில் ஒன்றேமுக்கால் அடி உயரம் நிறைத்தால் 0.7 கியூப், அதையே பலர் ஒரு கியூப் என்று கணக்கு வைக்கிறார்கள். ஈர மணல் காய்ந்த மணலைவிட 20 முதல் 30 வீதம் பருத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாரியில் வாங்கிய ஈர மணலை அதே பெட்டி அளவில் கலவைக்குப் போட்டால் மணல் குறைந்து சீமெந்து வீணாகும்.

தரத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை: கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்றுப் படை மணல் உயரத்தில் 8 வீதத்தைத் தாண்டினால் அதைக் கொங்கிறீற்றுக்குப் போடாதீர்கள். உப்புக்கு நாக்குப் போதும். நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளிப் பக்கம் கடற்கரை மணலை ஆற்று மணலோடு கலந்து இறக்குவதுண்டு. சிப்பித் துண்டு கண்டால் திருப்பி அனுப்புங்கள். உப்பு மணலில் வார்த்த வளை ஐந்தாறு ஆண்டுகளில் நீளவாக்கில் வெடித்து, துருக்கறை வடிந்து, அடிப்பக்கம் கொட்டத் தொடங்கும். பூசி மறைத்தாலும் நிற்காது, உள்ளே கம்பி வீங்கிக்கொண்டே இருக்கும். கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடி இருக்க வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போடுவதும் உப்பு மணல் போடுவதும் ஒன்றே.

சீமெந்துக்கல்லைப் பற்றி மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சீமெந்து விலை ஏறிய ஒவ்வொரு தடவையும் கல்லின் விலை அதே அளவுக்கு ஏறவில்லை. அதைக் கண்டு யாரும் சந்தோஷப்பட்டிருக்கக்கூடாது. கல்லுக்குள் சீமெந்து குறைந்தது, அவ்வளவுதான். 16க்கு 8க்கு 6 அங்குலத் துளைக்கல் ஒரு பையில் 28 முதல் 30 வரை போட்டால் கலவை 1:8 அளவில் இருக்கும். ஒரு பையில் 45 கல் எடுப்பவர் 1:12ஐத் தாண்டிவிட்டார். கல் போடும் இடத்துக்கே போய் ‘ஒரு பைக்கு எத்தனை’ என்று கேளுங்கள், பெருமையாகவே சொல்வார்கள். பிறகு ஆணியால் கீறுங்கள். தூளாகக் கொட்டினால் வேண்டாம். இடுப்பளவு உயரத்திலிருந்து மண் தரையில் ஒரு கல்லை விடுங்கள்; மூலை உடையலாம், இரண்டாகப் பிளந்தால் அந்த அடுக்கையே விட்டுவிடுங்கள். போட்டு மூன்றாம் நாளே ஏற்றிவிடும் கல்லில் கலவை சரியாக இருந்தாலும் பயனில்லை. ஒரு வாரம் தண்ணீர் காட்டி, இரண்டு வாரம் ஆன கல்லே கட்டத் தகுந்தது. நூறு சதுர அடிச் சுவருக்கு, அரை அங்குலச் சாந்து வைத்தால், 103 கல் வரும். உடைவுக்கு ஐந்து சேர்த்து வாங்குங்கள். நல்ல கல்லுக்குக் கல்லொன்றுக்குச் சில ரூபாய் கூடக் கொடுப்பது இந்த முழுப் பட்டியலிலும் மிகப் பயனுள்ள செலவு என்பது எங்கள் உறுதியான கருத்து.

இடத்துக்கு இடம் விலை வேறுபடுவதையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குச் சீமெந்தும் கம்பியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியில்லாமல் போகமுடியாது. மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் ஒரு பையின் விலை கடை விலையாக இருந்ததே இல்லை. வழி திறந்த பிறகும் கிண்ணியாத் துறையைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது; இல்லையேல் கந்தளாய், சேருநுவர வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் சுற்று. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்து, அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழியிலும் பாலங்கள் வந்ததும் அது நாற்பது கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. இன்று நகரத்துக்கும் மூதூருக்கும் உள்ள வேறுபாடு லொறிக் கூலி மட்டும். அதற்கு மேல் கேட்டால் நகரத்தில் வாங்கி ஏற்றுவது மேல். அயலில் மூன்று வீடு சேர்ந்து ஒரு லொறி பிடித்தால் கூலி மூன்றிலொன்று.

போரால் வீடிழந்தவர்களுக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் 5,50,000 ரூபாய்க் கொடுப்பனவு, விலை ஏறும்போது நிலையான தொகை என்ன ஆகும் என்ற பாடத்தைக் காட்டியது. தொகை நிலையாக இருந்தது, பகுதி பகுதியாக வந்தது; 2012இல் ரூபாய் இறங்கியதும் பொருள் விலை ஏறியது. முதல் பகுதியில் அத்திவாரத்தைப் பெரிதாக்கியவர்கள் கூரைக்குக் கடன்பட்டார்கள். பகுதிப் பணத்தில் கட்டுகிறவர்கள் கூரைக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு அத்திவாரத்தின் பரப்பைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை இறக்க அரசு முன்வைத்த திட்டம் வீட்டுக்கு 21 இலட்சம் ரூபாய் அளவில் வந்தது. கல்வீட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு விலை, எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இரும்பு, உடைந்தால் உள்ளூர் மேசனால் திருத்த முடியாத சுவர். அது எதிர்ப்பால் கைவிடப்பட்டது சரியே.

கூரைக்கு வருவோம். அஸ்பெஸ்டஸ் சீற் உள்ளூரில் செய்யப்படுகிறது, ஆனால் அதன் நார் வெளிநாட்டுச் சரக்கு, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து. 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலையை வண்டைக் காரணம் காட்டி நிறுத்தியபோது, அரசு தான் அறிவித்திருந்த அஸ்பெஸ்டஸ் தடையைத் தளர்த்தியது. ஒரு கூரைச் சீற்றுக்குப் பின்னால் அவ்வளவு தூரம் இருக்கிறது. விலையில் அது இன்னும் மலிவுதான். ஆனால் வெட்டும்போதும் உடையும்போதும் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வாங்கவேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. ஏற்கெனவே இருந்தால் துளைபோடாமல், தேய்த்துக் கழுவாமல், அப்படியே விடுங்கள்.

சிங்க் அலுமினியச் சீற்றைப் பார்த்தால் கடற்கரை வீட்டுக்கு 0.47 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். 0.35 என்பது பார்க்க அதேபோல இருக்கும், ஆணி அடித்த இடத்தில் நெளியும், நெளிவில் தண்ணீர் தேங்கி அங்கேயே துரு பிடிக்கும். கடைக்குப் போகும்போது ஒரு மைக்ரோமீற்றர் கொண்டு போங்கள். பூச்சின் எடை எவ்வளவு என்றும் கேளுங்கள். சதுர மீற்றருக்கு 150 கிராம் பூசியதும் 70 கிராம் பூசியதும் உப்புக் காற்றில் ஒன்றாக நிற்காது. ரப்பர் வாஷர் உள்ள திருகாணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல.

ஓடுதான் வெப்பத்துக்குச் சுகம், மண்ணும் இந்த நாட்டு மண். கரையோர மேற்குப் பக்கத்துச் சூளைகளிலிருந்து நாட்டின் குறுக்கே வருவதால் ஓட்டு விலையில் லொறிக் கூலி கனதியாக இருக்கும். நூறு சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும், அடிக்கொரு சிலாகை, அதாவது ஓட்டைத் தாங்கும் மரச் சட்டம் வேண்டும். சீற்றுக்கு மூன்றடிக்கு ஒரு வளை போதும். ஓட்டையும் சீற்றையும் தனியே ஒப்பிட்டுவிட்டு மரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். முதிரையும் பாலையும் கிடைக்கும் விலையில் இன்று மரம்தான் கூரையின் பெரிய செலவு.

தரை டைல்ஸில் உள்ளூர்த் தயாரிப்பு நன்றாகவே இருக்கிறது. 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விலை ஏறியதும் பெட்டி கிடைக்காமல் போனதும் உண்மை; இறக்குமதி திரும்பிய பின் சீன, இந்திய டைல்ஸ் போட்டிக்கு வந்துவிட்டன. எதை எடுத்தாலும் எல்லாப் பெட்டியிலும் ஒரே நிற எண் இருக்கிறதா என்று பார்த்து, பத்து வீதம் கூட வாங்கி, இரண்டு பெட்டியைப் பரணில் வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி டைல் நான்கை நிலத்தில் சேர்த்து வைத்து மூலைகள் ஒரே மட்டமா என்று கையால் தடவிப் பாருங்கள். இறக்குமதி மலிவில் வளைவுதான் முதல் குறை. குழாய்க்கு அழுத்தம் வரும் இடத்தில் டைப் 1000, கழிவுக்கு 600. வயரில் சுருளின் நீளத்தை அளந்து வாங்குங்கள், நூறு மீற்றர் என்பது எப்போதும் நூறு மீற்றராக இருப்பதில்லை.

கடைகளின் சேவையைப் பொறுத்தவரை திருகோணமலைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்; தெரிந்த முகம், திருப்பிக் கொடுத்தால் எடுப்பது, சிறு கடன் எல்லாம் உண்டு. குறை விலைப்பட்டியலில். வாய்மொழி விலையை நம்பவேண்டாம். திகதி, எத்தனை நாள் செல்லும், வற் சேர்ந்ததா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் ‘எல்லாம் ஏறிவிட்டது’ என்று கூடுதல் கேட்டால், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே இருக்கும், எது ஏறியது எது இறங்கியது என்று அதில் தெரியும்.

மணலையும் சல்லியையும் ஆவணி, புரட்டாதியில் இறக்கிவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்து மகாவலி கங்கை பெருகினால் தை முடியும்வரை தோண்டுவது நின்றுவிடும், விலை அன்றைக்கே ஏறும். இறக்கிய மணலைச் சுற்றி ஒரு வரிசைக் கல் அடுக்கி, மேலே தறப்பாள் போட்டுக் கட்டுங்கள். ஒரு மாரி மழை அரைக் கியூப்பை ஒழுங்கைக்குக் கொண்டுபோய்விடும்.